நேற்றுப் பச்சை, இன்று சிவப்பு: பில்ட் இயந்திரத்தில் பைதன் பதிப்பு மாறும்போது வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

கிளிநொச்சியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கமக்காரர் அமைப்புக்கான மென்பொருளைப் பராமரித்து வருகிறோம். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர், யார் எத்தனை ஏக்கர் விதைத்தார், விதைநெல் கடன் எவ்வளவு, அறுவடை முடிந்து எத்தனை மூட்டை வந்தது என்பதெல்லாம் அதில்தான் பதிவாகிறது. பைதனில் எழுதியது. எங்களில் ஒருவர் பரந்தனில் இருக்கிறார், ஒருவர் முழங்காவிலில், இன்னொருவர் புதுக்குடியிருப்பில். எங்களுக்கென்று பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. அதனால் கிட்ஹப் அக்‌ஷன்ஸ் எங்களுக்குப் பெரிய வசதி: நிரலை அனுப்பியதும் கிட்ஹப்பின் இயந்திரம் ஒன்றில் வேலைகளைத் தானாக ஓட்டித்தரும் சேவை அது; சரியானால் பச்சை, பிழையானால் சிவப்பு. கைபேசி டேட்டாவில் சில கிலோபைட் கொமிட் (நிரல் மாற்றப் பதிவு) ஒன்றை அனுப்பினால் போதும். பொதிகளை (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை) இறக்குவது, சோதனைகளை ஓட்டுவது, மென்பொருளை ஓடத் தயாரான இமேஜாகக் கட்டுவது எல்லாம் அங்கேயே நடந்துவிடும்.

ஆனால் அந்த இயந்திரம் நம்முடையது அல்ல. அதில் எந்த பைதன் இருக்க வேண்டும் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், அதை நடத்துபவர்கள் தீர்மானிப்பார்கள். ஒருநாள் மாற்றவும் செய்வார்கள். 2025 ஜனவரியில், காலபோக அறுவடை தொடங்குகிற நேரத்தில், எங்களுக்கு அதுதான் நடந்தது. அன்றிரவு தொடங்கி ஒரு கிழமை பட்ட பாட்டில் கற்றவற்றைக் கீழே குறிவாரியாக எழுதியிருக்கிறேன். நாங்கள் 3.10-இலிருந்து 3.12-க்குப் போனோம், உதாரணங்களும் அதையொட்டியே இருக்கும். உங்கள் திரையில் தெரிகிற குறியை முதலில் தேடி, அந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் சரிதான். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். இயந்திரத்தில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குறியாக இருந்தாலும் முதலில் இது

பொதிகளை நிறுவும் படிக்கு முன்னால் வேர்க்ஃபுளோ கோப்பில் (இயந்திரம் செய்ய வேண்டிய படிகளை எழுதிவைக்கும் கோப்பு) ஒரு சின்னப் படியைச் சேருங்கள். அதில் மூன்று கட்டளைகள்: «விச் பைதன்», «பைதன் --வெர்ஷன்», «பைதன் -எம் பிப் --வெர்ஷன்». மூன்றாவதுதான் முக்கியம். பொதிகளை நிறுவும் கருவியான பிப் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பைதனுக்காக வேலை செய்கிறது என்பதை அது ஒரே வரியில் சொல்லிவிடும். பைதன் 3.12 என்று ஒரு வரியும், பிப் 3.10-க்கு உரியது என்று மறு வரியும் சொன்னால், மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம். பிழை அங்கேதான் இருக்கிறது. வெறும் «பிப் இன்ஸ்டால்» என்று எழுதியிருக்கிற இடங்களையெல்லாம் «பைதன் -எம் பிப் இன்ஸ்டால்» என்று மாற்றிவிடுங்கள். இந்தக் குழப்பம் திரும்ப வராது.

எங்கள் லொக்கில் (ஓட்டத்தின் பதிவேட்டில்) இந்த மூன்று வரிகளும் இப்போது நிரந்தரமாக இருக்கின்றன. ஓட ஒரு வினாடிகூட ஆவதில்லை.

குறி: «நான் ஒன்றையும் மாற்றவில்லை, ஆனால் உடைந்துவிட்டது»

நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். வேர்க்ஃபுளோவில் ரன்னரை (வேலை ஓடும் இயந்திரத்தை) «உபுண்டு-லேட்டஸ்ட்» என்று எழுதியிருந்தால், அது நிலையான ஒரு இயந்திரத்தின் பெயர் அல்ல. இன்று இதைக் காட்டும், நாளை வேறொன்றைக் காட்டும் கைகாட்டி. 2024 டிசம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் அந்தக் கைகாட்டி உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்குத் திரும்பியது. 22.04-இன் சொந்தப் பைதன் 3.10. 24.04-இன் சொந்தப் பைதன் 3.12. பதிப்பைக் குறிப்பிடாமல் ஓட்டிக்கொண்டிருந்த எல்லோரும் ஒரே பாய்ச்சலில் இரண்டு பதிப்பு மேலே போனார்கள். மாற்றம் படிப்படியாக நடந்ததால், சிலநாள் ஒரு ஓட்டம் பச்சையாகவும் அடுத்தது சிவப்பாகவும் வந்தது. அதுதான் எங்களை அதிகம் குழப்பியது. நெட்வேர்க் பிழை என்று நினைத்து இரண்டு மூன்று முறை திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.

உறுதிசெய்வது எப்படி? லொக்கின் முதல் மடிப்பான «செட் அப் ஜொப்» என்பதை விரித்துப் பாருங்கள். இயங்குதளத்தின் பதிப்பும் ரன்னர் இமேஜின் பெயரும் அங்கே இருக்கும். கடைசியாகப் பச்சையாக ஓடியதையும் முதலில் சிவப்பானதையும் இரண்டு தாவல்களில் திறந்து அந்த வரிகளை ஒப்பிடுங்கள்.

அவசரத்துக்கு «உபுண்டு-22.04» என்று பெயரிட்டுக் கட்டிவைக்கலாம். அறுவடை நேரத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். இரவோடு இரவாக வேலை ஓடியது. ஆனால் அதை மறந்து விட்டுவிடக் கூடாது. பழைய ரன்னர் இமேஜ்களை ஒருநாள் எடுத்துவிடுவார்கள்: உபுண்டு 20.04-ஐ 2025 ஏப்ரலில் எடுத்தார்கள். அன்று அந்தப் பெயரை நம்பியிருந்த வேலைகள் ஓடுவதே நின்றுபோனது.

சரியான தீர்வு, பதிப்பை நாமே எழுதுவது. «செட்டப்-பைதன்» என்ற அக்‌ஷனைச் சேர்த்து, «பைதன்-வெர்ஷன்» என்ற இடத்தில் வேண்டிய எண்ணைக் கொடுங்கள். அதன்பிறகு ரன்னரின் சொந்தப் பைதன் எதுவாக இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. இன்னும் நல்ல வழி, களஞ்சியத்தின் (நிரல் முழுவதையும் வைத்திருக்கும் இடம்) வேர் அடைவில் «.பைதன்-வெர்ஷன்» என்ற ஒற்றைவரிக் கோப்பை வைத்து, அக்‌ஷனை அதிலிருந்து வாசிக்கச் சொல்வது. நம் மடிக்கணினியில் பைஎன்வ் போன்ற கருவிகளும் அதே கோப்பையே வாசிக்கும். முழங்காவிலில் ஒரு பதிப்பு, பரந்தனில் வேறொரு பதிப்பு என்ற நிலை எங்களுக்கு அப்போதுதான் தீர்ந்தது.

குறி: «3.10 கேட்டேன், 3.1 கிடைக்கவில்லை என்கிறது»

மேற்கோள் குறி போடவில்லை. யாமல் வடிவில் இருக்கும் வேர்க்ஃபுளோ கோப்பில் 3.10 என்று வெறுமனே எழுதினால் அது தசம எண், கடைசிப் பூச்சியத்துக்கு மதிப்பில்லை, ஆகவே 3.1 ஆகிவிடும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். 3.12-க்கு இந்தச் சிக்கல் வராதுதான், இருந்தாலும் எல்லாப் பதிப்பெண்ணையும் மேற்கோளுக்குள்ளேயே எழுதும் பழக்கம் நல்லது.

குறி: «புதிய பதிப்பை எழுதிவிட்டேன், ஆனாலும் பழையதே ஓடுகிறது»

பதிப்பு எழுதியிருக்கும் இடம் ஒன்றல்ல. எங்கள் களஞ்சியத்தில் தேடியபோது ஐந்து இடங்களில் இருந்தது: வேர்க்ஃபுளோ கோப்பு, இமேஜ் கட்டும் டொக்கர்ஃபைல், பல பைதன் பதிப்புகளில் சோதனைகளை ஓட்டும் டொக்ஸ் கருவியின் அமைப்புக் கோப்பு, பைபுரொஜெக்ட் கோப்பின் «ரிக்வயர்ஸ்-பைதன்» வரி, சேவரில் நிறுவும் ஸ்கிரிப்ட். ஒன்றை மாற்றி மற்றவற்றை விட்டால், சோதனை ஒரு பதிப்பில் ஓடும். கமக்காரர் பயன்படுத்துவது வேறொரு பதிப்பில் ஓடும். அப்படியான பச்சை நம்பக்கூடிய பச்சை அல்ல. «3.10» என்றும், புள்ளியில்லாமல் «310» என்றும் இரண்டு விதமாகவும் தேடுங்கள்; டொக்ஸில் «பிவை310» என்றுதான் இருக்கும்.

எல்லா இடத்திலும் மாற்றியும் பழையதே வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, சுடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை). «சுடோ பைதன்» என்று ஓட்டும்போது பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மாறிவிடும். செட்டப்-பைதன் முன்னால் சேர்த்து வைத்த பைதன் கண்ணுக்குப் படாமல், இயங்குதளத்தின் சொந்தப் பைதன் வந்து நிற்கும். பில்ட் இயந்திரத்தில் பைதனுக்கு சுடோ தேவைப்படுவது மிக அரிது. எடுத்துவிடுங்கள்.

இரண்டு, கொன்டெய்னர் (ஓர் இமேஜிலிருந்து தனித்து ஓடும் சூழல்). வேலை கொன்டெய்னருக்குள் ஓடினால் அந்த இமேஜுக்குள் இருக்கும் பைதனையும் கவனிக்க வேண்டும். ரன்னரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது. «பைதன்:3» என்ற டொக்கர் இமேஜ் குறிச்சொல்லும் மேலே சொன்ன கைகாட்டி போன்றதே, புதிய 3.எக்ஸ் வரும்போதெல்லாம் நகர்ந்துவிடும். «பைதன்:3.12-ஸ்லிம்» என்று எழுதினால் பைதன் நிலையாக நிற்கும், ஆனால் கீழேயிருக்கும் இயங்குதளமான டெபியன் ஒருநாள் மாறலாம். டெபியனின் பெயரையும் சேர்த்து «பைதன்:3.12-ஸ்லிம்-புக்வேர்ம்» என்று எழுதினால் இரண்டும் நிற்கும். இன்னொன்று: எங்களைப்போல டேட்டா எண்ணிச் செலவழிப்பவர்கள் ஸ்லிம் இமேஜையே எடுங்கள். முழு இமேஜ் விரிந்தால் ஏறக்குறைய 1 ஜிகாபைட் வரும்; ஸ்லிம் அதில் சிறு பங்குதான்.

மூன்று, கேஷ் (அடுத்த ஓட்டத்துக்காகச் சேமித்து வைப்பது). எங்களுக்கு ஒருநாள் முழுக்கப் போனது இதில்தான். நேரத்தை மிச்சப்படுத்த விர்ச்சுவல் என்வயர்ன்மென்ட் (ஒரு திட்டத்துக்கான தனிப் பைதன் சூழல்) அடைவை முழுசாகக் கேஷில் வைத்திருந்தோம். அதன் சாவியில் இயங்குதளத்தின் பெயரும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பின் (தேவையான பொதிகளின் பட்டியல்) ஹாஷும் மட்டுமே இருந்தன. பைதன் பதிப்பு இல்லை. பதிப்பை மாற்றினாலும் சாவி மாறவில்லை, ஆகவே பழைய 3.10 அடைவே திரும்ப வந்து உட்கார்ந்தது. சில சமயம் பழைய பைதனே ஓடியது. சில சமயம் அது சுட்டிய பைதன் அந்த இயந்திரத்தில் இல்லாமல் «நோ சச் ஃபைல்» என்று விழுந்தது. கேஷின் சாவியில் பைதன் பதிப்பைக் கட்டாயம் சேருங்கள். அல்லது செட்டப்-பைதனுக்குள்ளேயே இருக்கும் கேஷ் வசதியைப் பயன்படுத்துங்கள். அது பதிப்பைத் தானே சாவியில் சேர்த்துக்கொள்ளும், கேஷில் வைப்பதும் பிப் இறக்கிய பொதிகளை மட்டும்தான். எனக்கு இதுவே பாதுகாப்பான வழியாகப் படுகிறது.

குறி: «எக்ஸ்டேர்னலி மனேஜ்ட் என்வயர்ன்மென்ட்» என்று பிப் மறுக்கிறது

உபுண்டு 24.04, டெபியன் 12 ஆகியவற்றின் சொந்தப் பைதனில் பிப் நேரடியாக நிறுவ விடாது. இயங்குதளத்தின் கருவிகளும் அதே பைதனை நம்பியிருப்பதால் வைத்த காவல் இது. இந்தச் செய்தி வருகிறது என்றாலே நீங்கள் செட்டப்-பைதனின் பைதனில் இல்லை என்று பொருள். அதைச் சேருங்கள், அல்லது «பைதன்3 -எம் வென்வ்» கொண்டு ஒரு விர்ச்சுவல் என்வயர்ன்மென்ட் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். «பிரேக் சிஸ்டம் பக்கேஜஸ்» என்ற விருப்பத்தைப் போட்டுத் தப்பலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். அந்த விருப்பத்தின் பெயரே அது என்ன செய்யும் என்பதைச் சொல்கிறது. வேண்டாம்.

குறி: «மாட்யூல் நாட் ஃபவுண்ட்: டிஸ்ட்யூட்டில்ஸ்»

3.12-க்குப் போகிறவர்களில் அநேகமானோர் முதலில் முட்டுவது இதில்தான். பொதிகளைக் கட்டி நிறுவும் மாட்யூலான டிஸ்ட்யூட்டில்ஸ் பல ஆண்டுகள் பைதனோடு கூடவே வந்தது. 3.10-இல் «இது போகப்போகிறது» என்று எச்சரிக்கை கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் எடுத்தே விட்டார்கள். அதே பதிப்பில்தான் இம்ப், அசின்கோர், அசின்சட், எஸ்எம்டிபிடி ஆகியவையும் போயின. வென்வ் உருவாக்கும்போது அதே வேலைக்கான செட்டப்டூல்ஸ் பொதி தானாக உள்ளே வருவதும் 3.12-இல் நின்றது.

சரி, யாருடைய பிழை என்று முதலில் பிரித்தறியுங்கள். பிழைத்தடத்தைக் கீழிருந்து மேலாக வாசியுங்கள். கடைசிக் கோப்பின் பாதையில் «சைட்-பக்கேஜஸ்» என்று இருந்தால் அது நீங்கள் நிறுவிய பொதியின் வேலை. இல்லாவிட்டால் உங்கள் சொந்த நிரல்.

சொந்த நிரலானால் மாற்று எளிது. பதிப்பெண்களை ஒப்பிடும் லூஸ்வெர்ஷனுக்குப் பதிலாக «பக்கேஜிங்» பொதியின் வெர்ஷன். அடைவை நகலெடுக்கும் கொப்பி-ட்ரீக்குப் பதிலாக எஸ்ஹெச்யூட்டிலின் கொப்பிட்ரீ. ஏற்கெனவே இருக்கும் அடைவுக்குள் எழுத «டேர்ஸ்-எக்ஸிஸ்ட்-ஓகே» என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். ஆம் / இல்லை என்பதை வாசிக்கும் ஸ்ட்ரட்டுபூலுக்கு நேரடி மாற்று இல்லை. ஐந்து வரியில் நீங்களே எழுதிவிடலாம். இம்ப்-இன் இடத்தை இம்போர்ட்லிப் எடுத்துக்கொள்ளும்.

பொதியின் பிழையானால், அந்தப் பொதியின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். புதிய பதிப்பே இல்லாத, கைவிடப்பட்ட பொதி என்றால், செட்டப்டூல்ஸை ரிக்வயர்மென்ட்ஸில் சேர்ப்பது தற்காலிகமாக உதவும். அதற்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் நகல் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பொதியை மாற்றியாக வேண்டிய நாள் வரும். பற்றுச்சீட்டு அச்சிட நாங்கள் பயன்படுத்திய ஒரு சின்னப் பொதிக்கு இப்படித்தான் ஒட்டுப்போட்டு, சிறுபோகம் தொடங்குமுன் அதை எடுத்துவிட்டு நாற்பது வரியில் நாங்களே எழுதிக்கொண்டோம்.

இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: «பிகேஜியூட்டிலில் இம்ப்-இம்போர்ட்டர் இல்லை» என்ற செய்தி. இதைப் பார்த்ததும் உங்கள் நிரலைத் தோண்டாதீர்கள். பழைய செட்டப்டூல்ஸ் எங்கோ கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. 66.1 அல்லது அதற்கு மேல் போனால் தீர்ந்துவிடும். எப்போதோ யாரோ ஒரு காரணத்துக்காகக் கட்டிவைத்த பழைய எண், ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பின் அடியில் கிடக்கும், தேடி எடுங்கள்.

3.13-க்கே நேராகப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் சிஜிஐ, டெல்நெட்லிப், ஐஎம்ஜிஹெச்டிஆர், கிரிப்ட் உட்பட மேலும் 19 மாட்யூல்கள் எடுக்கப்பட்டன. பழைய இணையச் செயலிகள் சிஜிஐயை எங்காவது ஒரு மூலையில் அழைத்துக்கொண்டிருக்கும்.

குறி: நிறுவும் படி முடிவதேயில்லை, அல்லது ஜிசிசி (சி மொழி கம்பைலர்) பிழைகள் பக்கம் பக்கமாக வருகின்றன

முன்பு அரை நிமிடத்தில் முடிந்த படி பதினைந்து நிமிடம் ஓடி, கடைசியில் சி மொழிப் பிழைகளைக் கொட்டிவிட்டு விழும். காரணம் வீல். நம்பை, பாண்டாஸ் போன்ற பொதிகளை பிப் ஏற்கெனவே கட்டி வைத்த வீலாக இறக்குகிறது. ஒவ்வொரு வீலும் ஒரு பைதன் பதிப்புக்கானது. கோப்பின் பெயரிலேயே «சிபி310», «சிபி312» என்று இருக்கும். நீங்கள் கட்டிவைத்திருக்கிற பழைய நம்பைக்கு சிபி312 வீல் இல்லை. ஆகவே பிப் மூல நிரலை இறக்கி அங்கேயே கட்ட முயல்கிறது.

ஜிசிசியை நிறுவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அந்தப் பாதை நீண்டது. பொதியின் பதிப்பை ஏற்றுங்கள். நம்பை 3.12-ஐ ஆதரிக்கத் தொடங்கியது 1.26-இல். நாங்கள் 1.21-இல் நின்றிருந்தோம்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நிறுவும் கட்டளையில் «--ஒன்லி-பைனரி» என்ற விருப்பத்துக்கு «:ஓல்:» என்று கொடுங்கள். வீல் இல்லாத பொதி வந்ததும் பிப் உடனே நின்று அதன் பெயரைச் சொல்லிவிடும். பதினைந்து நிமிடக் காத்திருப்பு சில வினாடிகளாகிவிடும். தனியார் களஞ்சியத்துக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2000 நிமிடம்தான் கிடைக்கிறது; ஒவ்வொரு வேலையும் முழு நிமிடத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் வாழ்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆல்பைன் இமேஜைப் பயன்படுத்தினால் இதே குறி வேறு காரணத்தாலும் வரும். ஆல்பைனில் இருப்பது வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி அல்ல, மசல். அதற்கென்று தனி வீல் வேண்டும். எல்லாப் பொதிகளும் அதை வெளியிடுவதில்லை. ஸ்லிம்முக்கு மாறினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

குறி: நிறுவல் சரி, சோதனைகள் மட்டும் விழுகின்றன

«அசேர்ட்-ஈக்குவல்ஸ் இல்லை» என்றால், ஈற்றில் உள்ள எஸ்-ஐ எடுத்துவிடுங்கள். அந்தப் பழைய மறுபெயர்கள் 3.12-இல் போய்விட்டன. எச்சரிக்கைகளைப் பிழையாக எண்ணும்படி சோதனைக் கருவியான பைடெஸ்டை அமைத்திருந்தால் டேட்டைமின் யூடிசி-நௌ அழைப்புகள் எல்லாம் சிவப்பாகும், 3.12-இல் அது விலக்கப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டது. நேர வலயத்தோடு கூடிய நௌ-வைப் பயன்படுத்துங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன்களில் பின்சாய்கோடு பற்றி எச்சரிக்கை வந்தால், சரத்துக்கு முன்னால் ஓர் ஆர் எழுத்து போட வேண்டும். இவை எல்லாம் அரை நாள் வேலை.

குறி: எந்தப் பிழையும் இல்லை, ஆனால் வெளியே போகிற எழுத்து மாறிவிட்டது

எனக்கு இன்னும் உறுத்துவது இது. ஏனென்றால் எங்கள் சோதனைகள் இதைப் பிடிக்கவில்லை. ஒரு கமக்காரர்தான் பிடித்தார். மூட்டை நிறுத்ததும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும்: பெயர், போகம், எடை. போகத்தை நாங்கள் ஸ்ட்ரிங்கோடு கலந்த ஈனமாக, அதாவது பெயரிட்ட சில மதிப்புகளை மட்டும் கொண்ட பைதன் வகுப்பாக, வைத்திருந்தோம். அதன் மதிப்பு «காலபோகம்». 3.10-இல் அதை எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் (மதிப்புகளைச் செருகும் சரம்) போட்டால் «காலபோகம்» என்று மதிப்பு வரும். 3.11-இலிருந்து அந்த நடத்தை மாறிவிட்டது. வகுப்பின் பெயரும் உறுப்பின் பெயரும் புள்ளியோடு சேர்ந்து வரும். செய்தியில் போகத்தின் இடத்தில் ஆங்கிலத்தில் நிரல் சொல் ஒன்று போய் நின்றது. «தம்பி, இது என்ன, என்ர நெல்லை வேற ஆற்றயோ கணக்கில போட்டிட்டியளோ?» என்று அவர் கேட்டார். எடையில் ஒரு கிலோவும் பிசகவில்லை. ஆனாலும் அவர் பயந்தது நியாயம்தான். தன் உழைப்பின் கணக்கு அந்த ஒரு வரியில்தானே இருக்கிறது.

தீர்வு இரண்டு. 3.11-இல் வந்த ஸ்ட்ரஈனம் என்ற வகுப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் «.வல்யூ» என்று வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டாவது பழைய பதிப்பிலும் அப்படியே வேலை செய்யும் என்பதால், இரண்டு பதிப்பிலும் ஓட வேண்டிய இடைக்காலத்துக்கு அதையே நான் சொல்வேன். களஞ்சியத்தில் ஈனம் என்று தேடி ஸ்ட்ரிங்கோடு கலந்தவை எத்தனை என்று வடிவாக எண்ணிப் பாருங்கள். அப்புறம் மனிதர் வாசிக்கிற ஒவ்வொரு வெளியீட்டுக்கும், குறுஞ்செய்தி, பற்றுச்சீட்டு, பட்டியல் என எல்லாவற்றுக்கும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை ஒன்று எழுதுங்கள். எண் சரியா என்று மட்டும் பார்க்கிற சோதனை இதைக் கண்டுபிடிக்காது.

குறி: தமிழ்ப் பெயர்ப் பட்டியலின் வரிசை குழம்பிவிட்டது

புதிய இமேஜில் தமிழ் லோக்கேல் (எழுத்து வரிசை போன்ற மொழி அமைப்பு) இல்லை. நேர்மையான நிரலாக இருந்தால் «அன்சப்போர்ட்டட் லோக்கேல் செட்டிங்» என்று விழும். எங்களுடையதில் யாரோ அந்தப் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு, வெறும் யுனிகோட் எண் வரிசையில் அடுக்கும்படி எழுதியிருந்தார்கள். யுனிகோட்டில் ஜ இருப்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். ற இருப்பது ர-வுக்கு அடுத்தபடி. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால். அரிச்சுவடி வரிசை அது அல்ல. ஜெயக்குமாரைக் கடைசிப் பக்கத்தில் தேடிப் பழகியவர்கள் அவரை நடுவில் காண்பார்கள்.

இமேஜில் «லோக்கேல்ஸ்» பொதியை நிறுவி, லோக்கேல்டெஃப் கட்டளையால் டிஏ_எல்கே (இலங்கைத் தமிழ்) லோக்கேலை உருவாக்கலாம். நாங்கள் அப்படித் தொடங்கி, பிறகு எழுத்து வரிசையை நிரலுக்குள்ளேயே ஒரு பட்டியலாக எழுதி அதன்படி அடுக்கிவிட்டோம். இயந்திரம் மாறினாலும் வரிசை மாறாது.

குறி: எல்லாம் பச்சை, ஆனால் (மாற்றத்தை முதன்மை நிரலில் சேர்க்கும்) மேர்ஜ் பொத்தான் திறக்கவில்லை

«காத்திருக்கிறது» என்றே நிற்கும். ஓடுகிற வேலை ஒன்றும் இருக்காது. மேர்ஜுக்கு நிபந்தனை விதிக்கும் கிளைப் பாதுகாப்பில் «டெஸ்ட் (3.10)» என்ற பெயர் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, மேட்ரிக்ஸிலிருந்து (சோதிக்க வேண்டிய பதிப்புகளின் பட்டியல்) 3.10-ஐ எடுத்ததும் அந்தப் பெயரில் வேலையே இல்லை. வராத ஒன்றுக்காக அது காத்திருக்கிறது. அமைப்புக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள். அல்லது மற்ற எல்லா வேலைகளும் முடிந்தபின் ஓடும் ஒற்றை வேலையை வைத்து, அதை மட்டும் கட்டாயமாக்குங்கள். அதில் ஒரு கவனம் வேண்டும்: முந்தைய வேலை தோற்றால் இந்தக் கடைசி வேலை தவிர்க்கப்படும், தவிர்க்கப்பட்டதையும் வெற்றியாகவே கிட்ஹப் எடுத்துக்கொள்ளும். «எப்போதும் ஓடு» என்ற நிபந்தனையைக் கொடுத்து, முந்தையவற்றின் முடிவை அதற்குள்ளேயே சரிபார்க்க வேண்டும்.

குறி: சந்தேகப்படும்படி சீக்கிரம் பச்சையாகிறது

டொக்ஸில் «ஸ்கிப்-மிஸ்ஸிங்-இன்டேர்பிரிட்டேர்ஸ்» இயக்கத்தில் இருந்தால், கேட்ட பைதன் இல்லாதபோது அது சத்தமில்லாமல் தாண்டிவிடும். லொக்கில் எத்தனை சோதனை ஓடியது என்ற எண்ணைப் பாருங்கள். நேற்று 214 என்றால் இன்றும் 214 இருக்க வேண்டும்.

குறி: «ஆசியா/கொழும்பு» நேர வலயம் கிடைக்கவில்லை, அல்லது பழைய தேதிகள் பிசகுகின்றன

பதிப்பு ஏற்றும்போதே பழைய நேர வலயப் பொதியான பைடிஇசட்டை விட்டு ஸோன்இன்ஃபோவுக்கு மாறுகிறவர்கள் பலர், நாங்களும் மாறினோம். 3.9-இலிருந்து அது பைதனோடே வருகிறது. ஆனால் நேர வலயத் தரவை இயங்குதளத்திலிருந்து எடுக்கும். மெல்லிய இமேஜ்களில் அந்தத் தரவு இல்லாமல் போகலாம். «டிஇசட்டேட்டா» என்ற பொதியை ரிக்வயர்மென்ட்ஸில் சேர்த்துவிட்டால் சரி.

பிசகும் தேதிகளில் 10 அல்லது 11 நிமிட வித்தியாசம் தெரிந்தால், பழைய நிரல் பைடிஇசட்டை நேரடியாக டிஇசட்இன்ஃபோவாகக் கொடுத்திருக்கிறது. கொழும்பின் மிகப் பழைய உள்ளூர் நேரம் உலகப் பொது நேரத்துக்கு (யூடிசி) முன்னால் இருந்த 5 மணி 19 நிமிடத்தை அது எடுத்துக்கொண்டது. அப்படியானால் பிழையாக இருந்தது பழைய கணக்கு, புதியது சரி. சோதனையில் எதிர்பார்த்த மதிப்பைத் திருத்துங்கள்.

அரை மணி அல்லது ஒரு மணி வித்தியாசம் என்றால் விஷயம் வேறு. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை (யூடிசிக்கு முன்னால்) 6:30-க்கும், அதே ஆண்டு அக்டோபரில் 6:00-க்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் 5:30-க்குத் திரும்பியது. ஆசியா/கொழும்பு வலயத்தில் இவ்வளவும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. இங்கே கடிகாரம் 5:30-இலேயே நின்றது. ஓமந்தையில் ஒரு நேரம், அதைத் தாண்டினால் இன்னொரு நேரம் என்று ஏ9 வீதியில் போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தரவில் 1999-இன் பழைய நீர்ப்பங்கீட்டுக் கொப்பியிலிருந்து ஏற்றிய வரிகள் இருந்தன. காலை 6 மணி என்று கையால் எழுதியது வன்னி நேரம். ஆசியா/கொழும்பு என்று கொடுத்தால் ஸோன்இன்ஃபோ அதைக் கொழும்பின் 6 மணியாக எடுத்து அரை மணி பிசக்கும். அந்தக் காலத்துக்கு வன்னிக்கென்று தனி வலயம் தரவில் இல்லை. அதனால் 1996 மே 25 தொடங்கி 2006 ஏப்ரல் 14 வரையான அந்த வரிகளுக்கு மட்டும், அக்காலம் முழுவதும் 5:30-இல் நின்ற ஆசியா/கொல்கத்தாவைக் கொடுத்து, ஏன் அப்படிக் கொடுத்தோம் என்பதை நிரலில் அதன் அருகிலேயே தமிழில் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறோம்.